ஊன்றாதே என்கிறீர்கள், கூலி யார் தருவது?

“மூடநம்பிக்கை” என்கிறார்கள். பள்ளிப்பட்டிலிருந்து எல்லை தாண்டிப் புத்தூருக்குப் பஸ் ஏறும் நம் ஜனங்களைப் பார்த்துப் படித்தவர்கள் சொல்லும் வார்த்தை இது. இன்னொரு கூட்டம் அதே புத்தூர்க் கட்டை “நம் பாரம்பரியம்” என்று தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கேள்வி: ஒடஞ்ச காலோட ஒருத்தன் ஆறு வாரம் குந்தினு இருந்தா, அவன் வீட்டு அடுப்பை எவன் எரிப்பான்?

பாதத்தில் 26 எலும்புகள். விரல்களுக்குப் பின்னால் நீளமாக ஐந்து. மூட்டை விழுந்தாலும் வரப்பில் கால் மடங்கினாலும் முறிவது பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்று. சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடியை ஒட்டி ரத்த ஓட்டம் குறைவான ஓர் இடம் உண்டு. அங்கே முறிந்தால் லேசில் கூடாது. அதற்கு ‘ஜோன்ஸ் முறிவு’ என்று பெயர். ராபர்ட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் நடனமாடும்போது தன் காலையே ஒடித்துக்கொண்டு, 1902-இல் அதை எழுதி வைத்தார். ஓயாமல் நடந்து எலும்பு விடுவதற்கு ‘மார்ச் முறிவு’ என்று பெயர். 1855-இல் பிரஷ்யச் சிப்பாய்களின் வீங்கிய பாதங்களைப் பார்த்து எழுதப்பட்டது. ஆடினவனுக்குப் பேர் இருக்கு. அணிவகுத்தவனுக்குப் பேர் இருக்கு. கரும்புக் கட்டைத் தலையில் வைத்து லாரிப் பலகை ஏறினவனுக்கு என்ன பேர்? ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைக்கப்பட்ட கால்களய்யா இவை!

விலகாத முறிவை ஒட்டவைப்பது மாவுக்கட்டும் அல்ல, மூங்கில் தப்பையும் அல்ல. எலும்பு தானே ஒட்டும். கட்டு அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. மருந்தின் பெயர் ஓய்வு. அந்த மருந்துதான் சேரியில் கிடைப்பதில்லை.

நான் வங்கி எழுத்தன். என் கால் உடைந்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. காலனிக்காரன் கால் உடைந்தால் அவன் பொண்டாட்டி கம்மலைக் கழற்றிக்கொண்டு என் கவுண்டருக்கு வருகிறாள். முறிந்த எலும்பை நகைக்கடன் பேரேட்டில் எழுதுகிறவன் நான். வேலையில் அடிபட்டவனுக்கு ஓய்வுக்காலத்தில் பாதிக் கூலி என்று 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் எழுதி வைத்தது. கரும்பு வெட்டுகிறவனுக்கு முதலாளி யார்? நிலக்காரனா, மேஸ்திரியா, ஆலையா? மூணு பேரும் கையை விரிப்பான்.

நாட்டு வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரே சித்த வைத்தியர்தான். ஆனால் கட்டுப் போட்ட பிறகு விரல் நீலமானால், சில்லிட்டால், மரத்துப்போனால், எவன் போட்ட கட்டானாலும் உடனே அவிழ்த்தாக வேண்டும். தாமதித்தால் விரல் அழுகும், காலே போகும். அடிபட்டு நாலு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, சுண்டுவிரல் எலும்பின் அடியை அழுத்தினால் உயிர் போனாலோ எக்ஸ்ரே எடுத்தே தீரவேண்டும். சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமலும் முறிந்திருக்கும்.

இதையெல்லாம் நம் ஜனங்களுக்குச் சொல்லுவோம். சொல்லிவிட்டு, தாலுகா ஆஸ்பத்திரியில் எந்நேரமும் எக்ஸ்ரே கேட்போம், எலும்பு டாக்டரைக் கேட்போம், ஆறு வாரக் கூலியைக் கேட்போம். கூலி தராமல் “காலை ஊன்றாதே” என்று சீட்டெழுதுவது வைத்தியமல்ல, பட்டினி கிடக்கச் சொல்லும் உத்தரவு.