கார்புரேட்டரில் கைவைக்கும் முன்

அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை தயாரான ஃபோர்டு 8என் டிராக்டர்கள் அங்குள்ள பண்ணைகளில் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று திக்கித் திணறி நின்றுவிட்டால் பலர் முதலில் கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். இது அவசரம், பல நேரம் வீண்வேலையும்கூட. இந்த வண்டியில் பெட்ரோல் பம்பே கிடையாது. இன்ஜினுக்கு மேலே உள்ள டேங்கிலிருந்து பெட்ரோல் தானாகவே இறங்கி வரவேண்டும். வழியில் எங்கே அடைத்தாலும் கார்புரேட்டருக்குப் பட்டினிதான். ஆகவே இன்ஜின் ஆறிய பிறகு, பக்கத்தில் நெருப்பில்லாத இடத்தில், கார்புரேட்டரின் அடித்திருகைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்கள் சீராகக் கொட்டினால் வரத்து சரி. கொட்டிக்கொண்டே வந்து சொட்டாகக் குறைந்தால் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். ஓட்டம் திரும்பினால் மூடியின் காற்றுத்துளைதான் அடைத்திருக்கிறது. திரும்பாவிட்டால் டேங்குக்கு அடியிலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தின் வலையையும், கார்புரேட்டர் வாயிலுள்ள சின்ன வலையையும் பாருங்கள். பழைய டேங்கின் துரு அங்கேதான் வந்து படியும். அந்தச் சின்ன வலையைப் பலர் திறந்து பார்ப்பதே இல்லை! இவ்வளவும் சுத்தமாக இருந்தும் வரத்து குறைந்தால்தான் மிதவையிலும் ஊசி வால்விலும் கைவைக்க வேண்டும். அப்போதும் ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை அகன்றுவிட்டால் கலவை மறுபடி ஒழுங்குக்கு வராது.