விஞ்ஞானப் பட்டத்தை வீட்டிலிருந்தே படிக்கலாமா?



உயர்தரப் பெறுபேறு வந்தால் அக்குறணை, மடவளைப் பக்கத்து உம்மாமார் என்னிடம் கேட்கும் கேள்வி இதுதான். "டீச்சர், மகளுக்கு பயோ சரிவந்திருக்கு. பஸ், ஹொஸ்டல் என்று அலையாமல் ஒன்லைனில் பிஎஸ்சி செய்ய ஏலாதா?"

கேட்பதில் தப்பில்லை. 2020 மார்ச்சில் பேராதனை உட்பட எல்லாப் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டு விரிவுரைகள் சூமுக்குப் போயின. பல்கலைக்கழக எல்எம்எஸ் பக்கங்களுக்கு டேட்டா இலவசமாகக் கிடைத்தது. (சிக்னல் இலவசமாகக் கிடைக்கவில்லை. மலையேறிப் படித்த பிள்ளைகளின் படங்களை நாமெல்லாம் பார்த்தோம்.)

ஒன்லைனில் ஒரு பெரிய நன்மையும் இருக்கிறது. நம் பிள்ளைகள் 13ஆம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, விஞ்ஞான பீடத்தில் திடீரென ஆங்கில விரிவுரைக்குள் விழுகிறார்கள். மண்டபத்தில் கைதூக்கி "விளங்கவில்லை சேர்" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? பதிவுசெய்த விரிவுரையை நிறுத்தி நிறுத்தி மூன்று தரம் கேட்கலாம். கொரோனா முடிந்தாலும் அந்தப் பதிவுகள் தொடர வேண்டும் என்பதே என் கருத்து.

ஆனால் விஞ்ஞானம் விரிவுரை மட்டும் இல்லையே. ஒரு நியமிப்பை எடுங்கள். பினோப்தலீன் இளஞ்சிவப்பாக மாறும் அந்த ஒரு துளி, அளவியின் குழாய்வாயைத் திருகும் விரலில்தான் இருக்கிறது. வீடியோவில் திருகுவது சேரின் விரல். கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவராமல் வாசித்தால் அளவீடு பிழைக்கும். கையால் செய்யும்போது மூன்று வாசிப்பும் மூன்று மாதிரி வரும். ஏன் அப்படி வந்தது என்று தேடுவதுதான் படிப்பு. ஒன்லைனில் எல்லோருக்கும் ஒரே தரவுத்தாள் வரும், கணக்கும் அழகாகப் பொருந்தும்.

தொலைக்கல்வியையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் இது தெரியும். பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் தன் முதல் விஞ்ஞானப் பாடத்துக்கு நுணுக்குக்காட்டி உட்பட பரிசோதனைப் பெட்டிகளைத் தபாலில் வீடுகளுக்கு அனுப்பியது. 1980இல் தொடங்கிய நம் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்திலும் பாடத்தை வீட்டில் வாசிக்கலாம், ஆய்வுகூடத்துக்கு நேரில் போயே ஆகவேண்டும். அதன் கண்டி பிராந்திய நிலையம் பொல்கொல்லையில், கட்டுகஸ்தோட்டைக்கு எட்டின தூரத்தில் இருக்கிறது. மகளைத் தூர அனுப்பப் பயப்படும் வாப்பாமார் முதலில் அங்கே போய் விசாரியுங்கள்.

"முழுக்க ஒன்லைன்" என்று விளம்பரம் செய்யும் இடத்தில் காசு கட்ட முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஆய்வுகூடம் எங்கே? வருஷத்துக்கு எத்தனை நாள் பிள்ளை அதற்குள் நிற்பாள்? பதில் மழுப்பலாக வந்தால் காசோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

நம் ஊர்ச் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். கொரோனாவில் தொடங்கிய லெப்டொப் உதவி நல்லது. ஆனால் பேராதனைக்கு இடம் கிடைத்த பிள்ளைக்கு இப்போது தேவை போர்டிங் வாடகையும் பஸ் காசும். பிங்காஓயா பெருகி அக்குறணை டவுன் தண்ணீருக்குள் போகும் நாளில், காலை 8 மணி செய்முறை வகுப்புக்கு அவள் எப்படிப் போய்ச் சேருவாள்? அடுத்த கூட்டத்தில் யாராவது இதை எடுத்துப் பேசுங்கள்.