பசி ருசி அறியாது... பூனையைத் தவிர!

'பசி ருசி அறியாது' என்று முதலில் சொன்னவர் வீட்டில் நிச்சயம் பூனை இருந்திருக்காது. இருந்திருந்தாலும் அது கொல்லைப்புறத்தில் எலி பிடித்து, மீன் கழுவும்போது காலைச் சுற்றிச் சுற்றி வந்து பிழைத்துக்கொண்ட பூனையாக இருந்திருக்கும். மூன்றாவது மாடி ஃப்ளாட்டில், ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்த வீட்டில், பாக்கெட்டில் இருந்து கொட்டுகிற கறுமுறு தீனியைத் தவிர வேறு எதையும் மோந்துகூடப் பார்க்காத இன்றைய பூனையை அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்தப் பூனையின் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒருநாள் ஒரே பிரச்சினை வருகிறது. பூனை சிறுநீர் கழிக்கச் சிரமப்படுகிறது, அல்லது பூசணிக்காய் மாதிரி உருண்டு கிடக்கிறது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "ட்ரை ஃபுட்டைக் குறைத்து வெட் ஃபுட்டுக்கு மாற்றுங்கள்" என்கிறார். பெட் ஷாப்பில் நாலு பவுச் வாங்கி வந்து, ஆசையாகத் தட்டில் பிழிந்து வைத்தால், மகாராணி வந்து மோந்து பார்ப்பார். பிறகு தட்டைச் சுற்றித் தரையைப் பிராண்டுவார், ஏதோ அசிங்கத்தை மூடுகிற மாதிரி. திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். நாற்பது ஐம்பது ரூபாய் குப்பைக்கு!

உடனே ஆலோசனைகள் குவியும். அதில் தவறாமல் வருவது ஒன்று உண்டு. "ரெண்டு நாள் பட்டினி போடு, தானா சாப்பிடும்." பக்கத்து வீட்டு மாமா சொல்வார், நாய் வளர்க்கிற நண்பன் சொல்வான், இணையத்தில் முகம் தெரியாத பத்துப் பேர் சொல்வார்கள். பூனை விஷயத்தில் இவ்வளவு ஆபத்தான ஆலோசனை வேறு இல்லை.

நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் பசிக்கும், அவ்வளவுதான் (பெரும்பாலும்). பூனையின் உடம்பு வேறு மாதிரி. சாப்பாடு நின்றதும் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு கிளம்பிக் கல்லீரலுக்குப் போகும். அவ்வளவு கொழுப்பையும் கையாள்கிற திறமை பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. கொழுப்பு அங்கேயே தேங்கும், மஞ்சள் காமாலை வரும், குமட்டலில் பூனை இன்னும் சாப்பிடாது. ஹெபாட்டிக் லிப்பிடோசிஸ் என்று பெயர். சில நாள் பட்டினியே இதற்குப் போதும். வந்துவிட்டால் டியூப் வைத்து வாரக்கணக்கில் உணவு செலுத்த வேண்டியிருக்கும், அப்படியும் எல்லாப் பூனையும் பிழைப்பதில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த நோய் அதிகம் தாக்குவது குண்டுப் பூனைகளைத்தான். வெட் ஃபுட்டுக்கு மாற்றச் சொல்லி மருத்துவர் அனுப்புவதும் பெரும்பாலும் அதே குண்டுப் பூனைகளைத்தான். ஆக, யாரைப் பட்டினி போடவே கூடாதோ, சரியாக அவரைத்தான் பட்டினி போடச் சொல்கிறார்கள். 'புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது' என்பதும் நம் பழமொழிதான். பூனை புலியின் சாதி. இரண்டு பழமொழியில் எது இங்கே பொருந்தும் என்று பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டாமா?

சரி, இவ்வளவு பாடுபட்டு மாற்றத்தான் வேண்டுமா? மாற்றினால் நல்லது என்பதற்குப் பெரிய காரணம் தண்ணீர்.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியப் பகுதிகளின் காட்டுப்பூனை. வறண்ட இடத்து விலங்கு. அதற்குத் தண்ணீர் பெரும்பாலும் எலியின் உடம்பில் இருந்துதான் கிடைத்தது. எலியின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நீர்தானே! அதனால் பூனைக்கு இயல்பிலேயே தாகம் குறைவு. ட்ரை ஃபுட்டில் இருப்பது சுமார் 10 சதவீதம் நீர், வெட் ஃபுட்டில் 75 முதல் 80 சதவீதம். ட்ரை ஃபுட் சாப்பிடுகிற பூனை கிண்ணத்துத் தண்ணீரைக் குடித்து இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பும், முழுதாக நிரப்பாது. 1999இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி வந்த பூனைகளை ஒரு வருடம் கவனித்தார்கள். ட்ரை ஃபுட் சாப்பிட்டவற்றில் 39 சதவீதத்துக்கு மறுபடி வந்தது, டின் உணவு சாப்பிட்டவற்றில் 11 சதவீதத்துக்கு. இத்தனை சின்ன ஆய்வை வைத்துச் சத்தியம் செய்ய முடியாதுதான். ஆனால் ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும் என்பதை நினைத்துப் பார்த்தால், தட்டில் கொஞ்சம் நீரைக் கூட்டுவது மலிவான காப்பீடு.

'பல் சுத்தமாகும்' என்று சொல்லி ட்ரை ஃபுட்டை விடாதவர்களும் உண்டு. சாதாரண கிப்பிள் பல் பட்டதும் நொறுங்கிவிடுகிறது, அதில் தேய்ப்பதற்கு ஒன்றுமில்லை. முறுக்கு கடித்து யாருக்காவது பல் வெளுத்திருக்கிறதா? பல்லுக்கென்றே செய்த கெட்டியான தீனி வகைகள் உண்டு, அது வேறு கதை.

இப்போது பிடிவாதத்துக்கு வருவோம். "எங்க வீட்டுப் பூனை ரொம்ப சூஸி" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். பாதிப் பழி பூனையின் மேல் போடக்கூடாதது. குட்டியாக இருக்கும்போது எந்த மணம், எந்தப் பதம் வாய்க்குப் பழகுகிறதோ அதுதான் 'சாப்பாடு' என்று பூனையின் மூளையில் பதிகிறது. தாய் தின்றதன் வாசனைகூட அதில் சேர்த்தி. ஆறு வருடம் மொறுமொறுப்பாக மட்டுமே தின்ற பூனைக்கு, கூழாக ஒன்றை வைத்தால் அது உணவு என்றே தெரியாது. கோபித்துக்கொண்டதாக நாம் நினைப்பது பல நேரம் வெறும் புரியாமைதான்.

மீதிப் பாதி தொழிற்சாலையில் நடக்கிறது. தானிய மாவையும் இறைச்சித் தூளையும் சூட்டிலும் அழுத்தத்திலும் பிழிந்து எடுத்த உருண்டையைப் பூனை அப்படியே விரும்பாது. மேலே கொழுப்பைத் தெளிப்பார்கள். அதற்கு மேல் 'டைஜஸ்ட்' என்ற ஒன்று, அதாவது ஈரல் குடல் வகையறாக்களை நொதி கொண்டு கரைத்த சாறு. பூனைக்கு என்றால் பைரோபாஸ்பேட் உப்புகளும் சேரும். பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. அந்தச் சுவையை உணர வேண்டிய மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005இல் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தார் காட்டினார்கள். சர்க்கரையைக் காட்டி மயக்க முடியாத வாடிக்கையாளரை இறைச்சி வாசனையால் மயக்குகிறார்கள். நாம் மசாலா தூவிய சிப்ஸ் பாக்கெட்டை மூட முடியாமல் தவிப்பதும் பூனை கிப்பிளை விடாததும் ஏறக்குறைய ஒரே வியாபாரம்தான்.

வியாபாரம் என்றதும் ஒரு கணக்கு. கடையில் எல்லோரும் கிலோ விலையைப் பார்த்து 'வெட் ஃபுட் கொள்ளை' என்கிறார்கள். 'பாதிக்கு மேல் தண்ணீருக்குத்தானே காசு' என்று ஒரு புலம்பல் வேறு. கிலோ விலையை வைத்து இரண்டையும் ஒப்பிடுவதே தப்பு. 4 கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு நாளுக்கு 200 முதல் 250 கலோரி போதும். ட்ரை ஃபுட் 100 கிராமில் 350 முதல் 400 கலோரி இருக்கும், ஆகவே 60 கிராம் போட்டால் கதை முடிந்தது. வெட் ஃபுட் என்றால் 80 கிராம் பவுச் மூன்றாவது வேண்டும். கலோரிக்கு இவ்வளவு என்று பார்த்தால் வெட் ஃபுட் கிலோ விலை காட்டுவதைவிட இன்னும் அதிக விலையாகத்தான் வரும், அதை மறைத்துப் பயனில்லை! ஆனால் அந்த 60 கிராமில் இருக்கிற தண்ணீர் 6 மில்லி. மூன்று பவுச்சில் இருப்பது 190 மில்லியைத் தொடும், கிட்டத்தட்ட ஒரு நாள் தேவை முழுவதும். 'தண்ணீருக்குக் காசு' என்பது உண்மைதான், இங்கே வாங்குகிற சரக்கே அந்தத் தண்ணீர்தான்.

(கூடவே ஒரு வரிச் செய்தி. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சில்லறை பாக்கெட்டில் வரும் நாய், பூனை உணவுக்கு 18 சதவீதம் போட்டார்கள். மாட்டுத் தீவனத்துக்கு வரி இல்லை. பூனை பால் கறக்காதே, என்ன செய்ய!)

அதனால் முழுக்க மாற்ற வசதியில்லாதவர் குற்ற உணர்ச்சியில் வேக வேண்டியதில்லை. காலை மாலை ஒரு ஒரு பவுச், மீதிக்கு அளந்த ட்ரை ஃபுட் என்று வைத்தாலும் தண்ணீர்க் கணக்கு எங்கோ போய்விடுகிறது.

'அதற்கு வீட்டிலேயே சோறும் மீனும் பிசைந்து வைத்தால் அதுவும் வெட் ஃபுட்தானே?' என்று அம்மாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலேயே கிடைத்தாக வேண்டும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். கம்பெனித் தீனி தின்ற பூனைகளுக்கே இது குறைந்து இதயம் வீங்கியதை 1987இல் கலிபோர்னியாவில் பால் பயோனும் சகாக்களும் கண்டுபிடித்த பிறகுதான் எல்லோரும் அளவைக் கூட்டினார்கள். வேகவைக்கும்போது டாரின் தண்ணீரோடு இறங்கிவிடும், வடித்துக் கொட்டினால் போச்சு. உப்புக் கருவாடோ வெங்காயம் போட்ட குழம்போ பூனைக்கு ஆகவே ஆகாது. கொஞ்சம் வேகவைத்த மீனை ஆசைக்கு வைக்கலாம், அதையே மூன்று வேளைச் சாப்பாடாக்க முடியாது. கடை பவுச்சிலும் இதே பொறி இருக்கிறது. லேபிளில் 'கம்ப்ளீட்' என்று இருந்தால் முழுச் சாப்பாடு. 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தால் அது வெறும் தொட்டுக்கொள்ளத்தான்.

மாற்றுவது எப்படி? முதல் வேலை பவுச் வாங்குவது இல்லை. நாள் முழுக்க நிரம்பி வழிகிற கிண்ணத்தை எடுப்பது. எந்நேரமும் நொறுக்குத் தீனி கிடைக்கிறவருக்குப் புதுச் சாப்பாட்டில் என்ன அக்கறை இருக்கும்? அதே ட்ரை ஃபுட்டை, அதே அளவை, மூன்று வேளையாகப் பிரித்து நேரத்துக்கு வைத்து, அரை மணியில் எடுத்துவிட வேண்டும். சில நாளில் பூனை வேளை பார்த்துக் குரல் கொடுக்க ஆரம்பிக்கும். அந்தச் சின்னப் பசி போதும். பட்டினி வேறு, வேளைப் பசி வேறு.

பிறகு பழைய தீனியின் பக்கத்தில் ஒரு ஸ்பூன் வெட் ஃபுட். கலக்காமல் பக்கத்தில் மட்டும். கலந்து வைத்தால் தெரிந்த சாப்பாட்டின் மேலும் சந்தேகம் வந்துவிடும் சில பூனைகளுக்கு. வாசனை பழகிய பின் நாலு கிப்பிளை மிக்ஸியில் பொடித்து மேலே தூவலாம், கம்பெனியின் மந்திரத்தை அவர்களுக்கே திருப்பிவிடுகிற வேலை :-) ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததைச் சில்லென்று வைக்கவே கூடாது. பூனை மூக்கால்தான் சாப்பிடுகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தில் பவுச்சை வைத்து, தொட்டால் இளஞ்சூடு, அதாவது அப்போதுதான் பிடித்த எலியின் சூடு, வந்ததும் கொடுத்தால் மணம் எழும். கிரேவி பிடிக்காத பூனைக்கு மொழுமொழு பேட்டே பிடிக்கலாம், கோழியை ஒதுக்குவது சூரை மீனுக்கு மயங்கலாம். பெட்டி பெட்டியாக வாங்கி வைப்பதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்ப்பது பர்ஸுக்கு நல்லது.

நம் ஊர் வெயிலில் வெட் ஃபுட்டை மணிக்கணக்கில் வெளியே விட முடியாது. கெட்டுப்போவது ஒரு பக்கம், எறும்பு இன்னொரு பக்கம். தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே கிண்ணத்தை வைக்கிற பழைய வித்தை எறும்புக்கு உதவும். கெடாமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பது ஒன்றே வழி.

இதற்கெல்லாம் எத்தனை நாள்? சில பூனைக்கு ஒரு வாரம், சிலதுக்கு மூன்று மாதம். வாரம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறி, நம் எடையைக் கழித்துக் குறித்து வைக்க வேண்டும். எடை சரசரவென்று இறங்கினாலோ, ஒரு நாள் முழுக்க வாயில் ஒன்றும் படாவிட்டாலோ, வீம்பை விட்டுவிட்டுப் பழைய கிப்பிளை வைக்க வேண்டும். அதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு ஆரம்பத்திலேயே அவரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது.

கிப்பிள் என்றாலே விஷம் என்று மிரட்டுகிற ஒரு கூட்டமும் இருக்கிறது. அவர்களுக்கு 2007ஐ ஞாபகப்படுத்தலாம். அந்த மார்ச்சில் மெனு ஃபுட்ஸ் என்ற கனடா நிறுவனம் 6 கோடி டின், பவுச்களைத் திரும்பப் பெற்றது. கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்து, பூனை நாய்களின் சிறுநீரகம் பழுதானது. அத்தனையும் கிரேவியில் மிதக்கும் வெட் ஃபுட்! ஈரமாக இருப்பதாலேயே ஒன்று புனிதமாகிவிடாது. ட்ரை ஃபுட்டிலேயே பதினெட்டு வயது வரை வாழ்ந்த பூனைகளும் இருக்கத்தான் செய்கின்றன.

கடைசிவரை மசியாத பூனைக்கும் வழி இல்லாமல் இல்லை. கிப்பிளின் மேல் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர், அது பழகினால் இரண்டு ஸ்பூன். உப்பும் வெங்காயமும் இல்லாத கோழி வேகவைத்த நீர் கொஞ்சம். வீட்டில் மூன்று நாலு இடத்தில் அகலமான தண்ணீர்க் கிண்ணம், மணல் தட்டிலிருந்து தள்ளி. இவ்வளவும் செய்த பிறகும் அது குளியலறை வாளியில்தான் குடிக்கும் என்றால், வாளியை நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, அங்கேயே வைத்துவிடலாம்.