உரைக்கோப்பை எந்தச் செயலி திறக்கிறது?

சென்ற பருவத்தில் எங்கள் துறையின் பொதுக்கணினியில் என் கோப்பு ஒன்று அழிந்தது. அழிந்தது என்பதுகூடச் சரியன்று. கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனுள் ஒரு நெடுவரிசை மட்டும் இல்லை. கருநாடகத்தில் வழங்கும், தமிழோடு நெருங்கிய உறவுடைய சங்கேதிப் பேச்சை ஆய்கிறேன். மூதாட்டி ஒருவரோடு அமர்ந்து, சொல் சொல்லாகக் கேட்டு, அவர் கூறிய பொருளைத் தமிழெழுத்தில் குறித்துவைத்த நெடுவரிசை அது. ஒலிப்பதிவுகள் பத்திரமாக உள்ளன. ஆனால் பொருள் கேட்ட வேளைகளில் பதிவுக்கருவியை நிறுத்திவைத்திருந்தேன். என்னிடம் இருந்த நகல் ஒன்பது நாள் பழையது. அந்த ஒன்பது நாள்களின் குறிப்புகளை மீண்டும் கேட்டு எழுத, அம்மூதாட்டி இப்போது இல்லை.

நடந்தது இவ்வளவே. ஆய்வில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், வரிசை எண்களைச் சரிபார்ப்பதற்காகக் கோப்பை இருமுறை சொடுக்கினார். காற்புள்ளியால் பிரித்த அந்த எளிய உரைக்கோப்பு விரிதாள் செயலியில் திறந்தது. “அக்கா, அந்தக் கட்டம் முழுக்கக் குப்பையா இருந்துச்சு, யாரோ தப்பா ஒட்டிட்டாங்கன்னு நினைச்சு எடுத்துட்டேன்” என்றார். அவர்மேல் எனக்குச் சினமில்லை. அவர் கண்டது குப்பையைத்தான்.

அந்தக் குப்பை எப்படி உண்டாகிறது என்பதை மொழியியல் பயில்வோர் ஒருமுறையாவது அறிந்துகொள்ள வேண்டும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. கோப்பின் தலைப்பில் குறியாக்க அடையாளம் இல்லையெனில், விரிதாள் அதனைக் கணினியின் பழைய மேலையெழுத்து அட்டவணை கொண்டு வாசிக்கிறது. மூன்று பைட்டுகளும் மூன்று தனி எழுத்துகளாகப் பிரிகின்றன. கீற்றிட்ட ஐரோப்பிய எழுத்தும் வணிகக்குறிகளும் வரிசையாக நிற்கின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்ப் புள்ளியின் இறுதிப் பைட்டுக்கு விண்டோஸ்-1252 அட்டவணையில் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. தேவநாகரி, கன்னட விராமக் குறிகளின் இறுதிப் பைட்டும் அதுவே. மெய்யெழுத்தை மெய்யாக்கும் குறிக்கு அங்கே இடமில்லை!

எழுத்துச் சிதைவாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத சிதைவே கொடியது. மூன்றாம் உரையாடலின் பன்னிரண்டாம் வரியை 3-12 என்று எண்ணிட்டிருந்தேன்; விரிதாள் அதனை டிசம்பர் 3 என்னும் நாளாக்கிச் சேமித்துவிட்டது. மரபணுவியலார் இத்துயரை நமக்கு முன்பே பட்டவர்கள். எக்செல் பட்டியல்களை இணைத்து வெளியான மரபணுவியல் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் மரபணுப் பெயர்கள் பிழைபட்டிருப்பதாக 2016இல் ‘ஜீனோம் பயாலஜி’ இதழில் ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் மனித மரபணுப் பெயரிடல் குழு, ‘மார்ச்1’ என்பதனை ‘மார்ச்எஃப்1’ என்றும், ‘செப்ட்1’ என்பதனை ‘செப்டின்1’ என்றும் மாற்றியதைக் குறிப்பிட்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. செயலியின் வழக்கத்துக்காக அறிவியல் தன் சொற்களை மாற்றிக்கொண்டது. இத்தகைய தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் அமைப்பு எக்செலில் 2023இல்தான் வந்தது.

“கவனமாக இருந்தால் போதுமே, தரவு இறக்குமதி வழியாகச் சென்று குறியாக்கத்தைத் தேர்ந்தால் தமிழ் ஒழுங்காகத் திறக்குமே” என்று மூத்த ஆய்வாளர் ஒருவர் கூறினார். உண்மைதான். ஆனால் இயல்புநிலைச் செயலி, அதாவது நாம் எல்லோரும் டிஃபால்ட் என்று சொல்வது, எவரும் கவனமாக இல்லாதபோது நடப்பதற்கான ஏற்பாடு. இரவு பதினொரு மணிக்குக் களைத்த கண்களோடு கோப்பைச் சொடுக்குபவருக்கு இறக்குமதிப் பட்டி நினைவுக்கு வராது. எனவே இதனைத் தனிமனிதக் கவனக்குறைவாகப் பேசுவதை நான் ஏற்கவில்லை. பொதுக்கணினியின் அமைப்பைத் தீர்மானிப்பது துறையின் பொறுப்பு.

விண்டோஸ் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்துச் செயலியைத் தேர்வதில்லை. பெயரின் இறுதியில் உள்ள நீட்டிப்பை மட்டுமே பார்க்கிறது. அந்த நீட்டிப்பையும் முன்னிருப்பாகவே மறைத்துவைக்கிறது. முதலில் அதனைக் காட்டச் செய்யுங்கள். பின்னர்க் கோப்பின்மேல் வலச்சொடுக்கு செய்து, திறப்பதற்கான செயலியைத் தேரும் பட்டியில் ஓர் எளிய உரைத்தொகுப்பியைத் தெரிவுசெய்து, ‘எப்போதும்’ என்பதனை அழுத்துங்கள். மேக் கணினியில் கோப்பின் தகவல் சாளரத்தில் செயலியை மாற்றி, ‘அனைத்தையும் மாற்று’ என்பதனை அழுத்த வேண்டும். டிஎக்ஸ்டி, சிஎஸ்வி, டிஎஸ்வி மூன்றுக்கும் தனித்தனியே செய்தாக வேண்டும். பிராட்டின் டெக்ஸ்ட்கிரிட், ஈலானின் ஈஏஎஃப் கோப்புகளும் அடிப்படையில் உரைக்கோப்புகளே என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

நோட்பேடே போதுமா என்று கேட்பீர்கள். 2019இன் விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து அது யூடிஎஃப்-8இலேயே சேமிக்கிறது, பார்ப்பதற்குப் போதும். அதற்கு முந்தைய பதிப்புகளில், எச்சரிக்கையைப் படிக்காமல் ‘சரி’ என்று அழுத்தினால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். முதுகலை இரண்டாம் ஆண்டில் நானே அவ்வாறு ஒரு பயிற்சிக்கட்டுரையைத் தொலைத்தேன். நாட்டின் பல துறைகளில் பழைய கணினிகள் இன்னும் ஓடுகின்றன என்பதால் இதையும் சொல்கிறேன்.

களப்பணிப் பயிற்சியில் ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்று அரைநாள் கற்பிக்கிறோம். எழுதிய தரவு எதில் திறக்கும் என்பதற்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. அடுத்த பருவத்தின் முதல் வகுப்பிலேயே அந்தப் பத்து நிமிடத்தைச் சேர்க்கவேண்டும் என்று துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொதுக்கணினியின் அமைப்பை நானும் அந்தத் தம்பியும் சேர்ந்து சென்ற வாரம் மாற்றிவிட்டோம். உங்கள் துறையின் கணினியில் ஒரு சிஎஸ்வி கோப்பைச் சொடுக்கி, எது திறக்கிறது என்று கீழே எழுதுங்கள்.