குடும்பமும் சிக்கனமும்: பழைய அம்பாசிடர் வாங்குமுன்...

வீட்டுக்கு ஒரு வாகனம் வேண்டும் என்ற எண்ணம் எழுந்தவுடன், புதிய காரின் விலை கேட்டு மலைத்து, பழைய வண்டியின் பக்கம் பார்வையைத் திருப்பும் குடும்பங்கள் பல. அவற்றுள்ளும் அம்பாசிடர் என்றால் நம் பெரியவர்களுக்குத் தனிப்பற்று. சங்கரன்கோவிலிலிருந்து பொட்டல்புதூருக்கோ, குற்றாலச் சாரலுக்கோ, திருநெல்வேலி மருத்துவமனைக்கோ குடும்பத்துடன் சென்றுவர அதைவிட வசதியானது எது என்று கேட்பார்கள். பற்று இருக்கட்டும், சபர் சென்றவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து அனுப்பிய பணம் ஒரே நாளில் கைமாறப் போகிறது. ஆகவே, ஆய்ந்து பார்த்து வாங்குவது அவசியம்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த வண்டி இது. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றது. எனவே இன்று விலைக்கு வருபவை யாவும் பழையனவே. வயதைக் கொண்டு மட்டும் விலை பேசுவதில் பயனில்லை; நிலையைக் கொண்டே பேச வேண்டும்.

முதலில் உடல்

பலரும் பானட்டைத் திறந்து எஞ்சினின் ஓசையைத்தான் முதலில் கேட்கின்றனர். அது முறையன்று. அம்பாசிடருக்கு லாரியைப் போலத் தனியான சேஸிஸ் கிடையாது. அடித்தளமும் மேல்உடலும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. தரைத்தகடு துருவேறினால் வண்டியின் எலும்பே அரிக்கப்படுகிறது என்று பொருள். எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கலாம். அரித்துப்போன உடலைச் சீராக்கும் செலவோ வண்டியின் விலையையே விழுங்கிவிடும்.

கால்மிதியை நீக்கித் தரையை அழுத்திப் பாருங்கள். கதவுகளின் அடிப்பாகம், டிக்கியின் தளம், பின்புற வில்பட்டைகள் இணையும் இடம், முன்கண்ணாடியின் ஓரம் ஆகியவற்றை டார்ச் ஒளியில் நோக்குங்கள். சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, உடல் முழுதும் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை. பட்டி பூசி அதன்மேல் வண்ணம் அடித்திருக்கிறார்கள். கடலோர ஊர்களில் நெடுங்காலம் ஓடிய வண்டியானால் உப்புக்காற்றின் வேலையை இன்னும் கவனமாகத் தேட வேண்டும்.

பிறகு எஞ்சின்

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் செல்லுங்கள். நீங்கள் வருமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் ஐயம் கொள்ளுங்கள். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். சூடான பின்னும் வெண்புகை நிற்காமல் வருவதும், ஆயில் பால் கலந்ததுபோல் இருப்பதும் தண்ணீர் உள்ளே கசிவதன் அடையாளம். ஸ்டியரிங்கில் வெற்றாட்டம் எவ்வளவு, பிரேக் ஒரு பக்கமாக இழுக்கிறதா என்பதை நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை ஓட்டச் செய்து அறியுங்கள். இதில் அடங்கியிருப்பது பணம் மட்டுமன்று, நம் பிள்ளைகளின் உயிரும்தான்.

பத்திரங்கள்

எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் பொருத்தியிருந்தால் அம்மாற்றம் அதில் பதிவாகியிருக்க வேண்டும். கேரளத்திலிருந்து செங்கோட்டை வழியாக வந்த வண்டியானால் அம்மாநிலத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். இங்கு சாலைவரியும் செலுத்த வேண்டும். 20 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2025-இல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் 10,000 ரூபாய்.

"இது விண்டேஜ் வண்டி" என்று சொல்லி விலையை உயர்த்துவோரும் உளர். 2021-ஆம் ஆண்டு விதியின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து, எஞ்சினும் உடலும் மாற்றமின்றி மூலவடிவில் இருப்பதே விண்டேஜ். அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தவும் இயலாது. குடும்பத் தேவைக்கு வாங்குபவர் அந்தப் பெயருக்காக ஏன் கூடுதல் விலை தர வேண்டும்?

தகுந்த விலை எது?

நல்ல நிலையிலுள்ள அதே வகை வண்டி என்ன விலைக்குப் போகிறது என நான்கு இடங்களில் விசாரியுங்கள். அது 1,50,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். டிங்கரிங், பெயிண்டிங் வேலைக்கு 40,000, எஞ்சின் வேலைக்கு 25,000, டயர்களுக்கு 16,000, பதிவு, காப்பீட்டுக்கு 14,000 ஆகும் என மெக்கானிக் மதிப்பிட்டால் மொத்தம் 95,000. மிச்சம் 55,000. கண்ணுக்குத் தெரியாத பழுதுக்கென 10,000 ஒதுக்கினால், 45,000 ரூபாயே தகுந்த விலை. இக்கணக்கைக் காகிதத்தில் எழுதி விற்பவரிடம் காட்டிப் பேசினால் பேரத்தில் மனக்கசப்பு நேராது. அவர் இணங்காவிட்டால் ஸலாம் சொல்லி எழுந்து வருவதில் குறைவொன்றுமில்லை.

விற்பவருக்கும் ஒரு சொல்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவி மோசடியைக் கண்டித்ததையும் நாம் அறிவோம். துருவின்மேல் பூசிய பட்டி அந்த ஈரத்தை மறைத்தது போன்றதல்லவா? குறையைச் சொல்லி விற்பவருக்கு விலை சற்றுக் குறையலாம், பரக்கத் குறையாது.

வண்டி கைமாறியதும் 29, 30-ஆம் படிவங்களைக் கொடுத்துப் பெயரை மாற்றிவிடுங்கள். விற்றவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. சாவியைக் கொடுத்ததோடு பொறுப்பு தீர்ந்துவிடாது; பெயர் மாறிய பிறகே இருவரும் நிம்மதியாக உறங்கலாம்.