"மதர்போர்டு போச்சு சார்!"

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. ரிப்பேர் பார்க்க வருபவர் மூடியைக் கழற்றி ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பார். பிறகு அந்த வசனம்: "மதர்போர்டு போச்சு சார்!" அதோடு அந்த மாத பட்ஜெட்டும் போச்சு.

போர்டு போகவே போகாது என்று சொல்ல வரவில்லை. 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற கெப்பாசிட்டர்களால் உலகம் முழுக்க ஏராளமான போர்டுகள் செத்தன. தன் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து கொடுக்க டெல் நிறுவனம் 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. ஆனால் அந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் அடையாளம் உண்டு. கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கும், அல்லது பழுப்பாகக் கசிந்திருக்கும். "எங்கே, காட்டுங்க" என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?

அடையாளம் எதுவும் இல்லையென்றால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டுதான் வரவேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டுவது செலவே இல்லாத முதல் சோதனை. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். ரேமே இல்லாமல் ஆன் செய்யும்போது பீப் சத்தம் வந்தால், போர்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது பவர் சப்ளை. 12 வோல்ட் லைன், மல்டிமீட்டரில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் காட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது கெட்டது என்று கடைசி வரை தெரியாது. பில் மட்டும் மூன்றுக்கும் வரும்.

இதெல்லாம் ரிப்பேர்காரருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அப்புறம் ஏன் செய்வதில்லை? இங்கேதான் வாடிக்கையாளரின் பங்கு வருகிறது. ஒருவர் அரை மணி நேரம் பொறுமையாகச் சோதித்து, ரேமைத் துடைத்து மாட்டி ஓட வைத்து, முந்நூறு ரூபாய் கேட்டால், "தொடைச்சதுக்கா முந்நூறு?" என்று முகம் சுளிக்கிறார்கள். அதுவே புது போர்டை மாட்டினால் மறுபேச்சில்லாமல் ஆயிரங்களை எண்ணிக் கொடுக்கிறார்கள். கண்டுபிடிக்கும் மூளைக்குக் கூலி இல்லை, விற்கும் பொருளில்தான் லாபம் என்றால், பிழைக்க வந்தவர் எதைச் செய்வார்? சந்தையின் கணக்கு அவ்வளவுதான்.

ஆகவே, சோதிப்பதற்குத் தனிக் கூலி என்று முதலிலேயே பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. பிறகு தைரியமாக ஒரு கேள்வி கேட்கலாம்: "எதை வச்சு சொல்றீங்க?" சோதித்தவரிடம் பதில் இருக்கும். பதில் இல்லாதவரிடம் பர்ஸைத் திறக்க வேண்டாம்!