நூறு கலம் நெல்

‘கலை சோறு போடாது’ என்னும் கூற்று தமிழ்க் குடும்பங்களில் அறிவுரையாகவும் எச்சரிக்கையாகவும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க விரும்பும் மாணவியிடமும், மிருதங்கத்தையே தொழிலாகக் கொள்ள நினைக்கும் இளைஞனிடமும், கதை எழுதுவதற்காக மாலை நேரங்களை ஒதுக்கிவைக்கும் அலுவலரிடமும் அது ஒரே தொனியில் ஓதப்படுகிறது. சொல்பவர்களின் அக்கறை உண்மையானது என்பதாலேயே அதை எதிர்த்துப் பேசுவது கடினமாகிறது. ஆயினும் இக்கூற்று வரலாற்று நோக்கில் பிழையானது. அதனினும் மேலாக, ஒரு சமூகம் தன் கலைஞர்களுக்குச் செய்யத் தவறிய ஏற்பாட்டைக் கலைக்கே உரிய குறையாக மாற்றிக் காட்டுவதால் தீங்கானதும் ஆகும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளுள் ஒன்று, அக்கோயிலின் பணிக்கென அமர்த்தப்பட்ட நானூறு ஆடல் மகளிரை, அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீட்டில் குடியமர்த்தப்பட்டார்கள் என்னும் விவரங்களோடு பெயர் பெயராகப் பட்டியலிடுகிறது. தளி என்பது கோயிலைக் குறிக்கும் பழஞ்சொல். கோயிலைச் சார்ந்த குடியிருப்பாகிய தளிச்சேரியில் வாழ்ந்ததால் இவர்கள் ‘தளிச்சேரிப் பெண்டுகள்’ எனப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு ‘பங்கும்’ உரியவையாயின. பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்ற கணக்கில் 1,200 மரக்கால். அந்நெல்லை அளந்த மரக்காலுக்கு இடப்பட்டிருந்த பெயர் ‘ஆடவல்லான்’, அதாவது ஆடலில் வல்லவனாகிய கூத்தப்பெருமானின் பெயர். கலை சோறு போட்டதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

அதே கல்வெட்டில் நட்டுவனாருக்கும் பாடுவோருக்கும் கருவி இசைப்போருக்கும் மட்டுமன்றி, தச்சர், தையற்காரர், நாவிதர், கணக்கர் ஆகியோருக்கும் பங்குகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆடுவதும் கணக்கு எழுதுவதும் ஒரே பட்டியலில், ஒரே அளவையால் மதிக்கப்பட்ட வேலைகளாக நின்றன என்பது இதன் பொருள். பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டு நீங்கினாலோ நெருங்கிய உறவினர் அவ்விடத்துக்கு வரலாம் என்றும், அவர் அப்பணிக்குத் தகுதியற்றவரானால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும் என்றும் அது விதிக்கிறது. நெல் தேர்ச்சிக்கு அளக்கப்பட்டதேயன்றி இரக்கத்தால் அளக்கப்படவில்லை. அம்மகளிர் அரசாணையால் ஊர்விட்டு ஊர் கொண்டுவரப்பட்டவர்கள் என்பதையும், அவர்களுக்கு இருந்த உரிமையின் எல்லைகளையும் மறந்து அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்ற வேண்டியதில்லை. கலைக்குச் சோறு கிடைப்பதும் கிடைக்காததும் ஏற்பாட்டைப் பொறுத்தவை என்பதே இங்கு நிறுவத்தக்கது.

மன்னரும் மானியமும் மறைந்த பின்னர் இந்தச் சான்று எதற்கு உதவும் என்று கேட்கலாம். இக்கேள்விக்கு விடை, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரைச் சாலையின் ஓரமாக இன்றும் இருக்கிறது. சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக 1957 முதல் பணியாற்றிய கே.சி.எஸ். பணிக்கர், அப்பள்ளியில் நன்கு தேறி வெளியேறியவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக வரைவதையே கைவிடுவதைக் கண்டார். அந்நாளில் சென்னையில் நவீன ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவோர் மிகச் சிலர். வாங்குவோர் பெருகும்வரை காத்திருக்கவோ, அரசிடம் கையேந்தி நிற்கவோ அவர் தம் மாணவர்களைத் தூண்டவில்லை. அவர்களின் கைக்குப் பழகிய தொழில்நுட்பங்களைக் கொண்டே விற்கத்தக்க கைவினைப் பொருள்களைச் செய்ய ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. அவற்றுள் முதன்மையானது பாத்திக். உருக்கிய மெழுகால் துணியின் சில பகுதிகளை மூடிச் சாயத்தில் தோய்த்து, மெழுகு படிந்த இடங்களில் சாயம் ஏறாதபடி செய்து, பின்னர் மெழுகை நீக்கி உருவங்களை வெளிக்கொணரும் முறை அது. அத்துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் விற்றுச் சேர்ந்த பணத்தைக் கொண்டு நிலம் வாங்கப்பட்டு, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, எஞ்சியது ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் என்பது அங்கு வழக்கமாயிற்று. தென்னிந்திய நவீன ஓவிய வரலாற்றில் ‘சென்னை இயக்கம்’ என்று குறிக்கப்படும் போக்கின் முக்கியமான படைப்புகள் பல, துணிக்குச் சாயம் ஏற்றிய அதே கைகளிலிருந்து பிறந்தவை.

இவ்விடத்தில், முதல் நம்பிக்கையோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு நம்பிக்கை குறுக்கிடுகிறது. பிழைப்புக்காகச் செய்யும் வேலை கலைஞனைக் கெடுத்துவிடும், உண்மையான கலைஞன் வறுமையிலேனும் கலையைத் தவிர வேறெதையும் தொடமாட்டான் என்பது அது. முன்னது பெற்றோரின் நம்பிக்கை என்றால் பின்னது கலைஞர்களின் நம்பிக்கை. இரண்டும் ஒரே முடிவுக்கே இட்டுச் செல்கின்றன, ஏனெனில் வேலையும் கலையும் ஒரே வாழ்க்கையில் சேர்ந்திருக்க முடியாது என்றே இரண்டும் கருதுகின்றன. சோழமண்டலத்தின் சிற்பி பி.வி. ஜானகிராமின் படைப்புகள் இதற்கு மறுப்பு. கோயில் திருமேனிகளுக்கு உலோகத் தகட்டால் கவசம் செய்யும் கைவினை மரபைத் தழுவி, தகட்டைத் தட்டி வளைத்துக் கம்பிகளால் நுணுக்கம் சேர்த்து அவர் உருவாக்கிய சிற்பங்களில் கைவினை கலைக்குப் பகையாக இல்லை, அதன் இலக்கணமாகவே இருக்கிறது. எழுத்துலகிலும் இதுவே நிலை. ந. பிச்சமூர்த்தி வழக்கறிஞராகவும் பின்னர்க் கோயில் நிர்வாக அதிகாரியாகவும் இருந்தார், சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தினார், தி. ஜானகிராமன் ஆசிரியராகவும் பின்னர் வானொலியிலும் பணியாற்றினார். இவர்களின் எழுத்தை அவ்வேலைகள் நிறுத்திவிடவில்லை.

எனவே, படைக்க விரும்புவோர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ‘இது சோறு போடுமா’ என்பதன்று. ‘இதற்குச் சோறு எங்கிருந்து வரும், அதற்கு எத்தனை மணி நேரம் போகும்’ என்பதாகும். பிழைப்புக்கான வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஊதியத்தை மட்டுமன்றி, அவ்வேலை எந்த ஆற்றலை உறிஞ்சுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம்: நாள் முழுதும் பிறருக்காக எழுதிக் களைத்தவருக்கு இரவில் தமக்காக எழுதுவது அரிதாகலாம், அதே மனிதர் கடைக் கணக்கையோ தோட்டத்தையோ பார்த்துவிட்டு வந்தால் சொற்கள் அவருக்காகக் காத்திருக்கக்கூடும். மனம் கனியும் வேளைக்காகக் காத்திராமல், நாளில் ஒரு மணி நேரமே ஆயினும் குறித்த நேரத்தில் அமர வேண்டும். இசைக் கலைஞர்கள் சாதகம் என்று வழங்கும் அன்றாடப் பயிற்சியின் உட்பொருள் இதுவே. தனியொருவரால் வாங்க இயலாத சூளையையும் அச்சு எந்திரத்தையும் ஒத்திகைக் கூடத்தையும் நால்வர் சேர்ந்தால் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடியும். சோழமண்டலத்தின் வெற்றிக்குப் பணிக்கரின் மேதைமையைக் காட்டிலும், நிலமும் விற்பனையும் பொதுவில் நடத்தப்பட்டதே பெரிய காரணம் என்று கருதுவது தவறாகாது.

கலைஞர்களின் ஏற்பாடு மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கலை சோறு போடாது என்று நம்பும் சமூகம், போடாதபடியே நடந்தும் கொள்கிறது. மேடை அமைப்பவருக்கும் ஒலிபெருக்கி வைப்பவருக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு, பறையிசைக் குழுவிடமும் கவிஞரிடமும் ‘இது நல்ல வாய்ப்பு’ என்று சொல்லி, பொன்னாடை ஒன்றைப் போர்த்தி வழியனுப்பும் பழக்கம் கல்லூரி விழாக்களிலும் இலக்கியக் கூட்டங்களிலும் வேரூன்றியிருக்கிறது. வடமாவட்டங்களின் தெருக்கூத்துக் கலைஞர்கள் பலர், விடிய விடிய வேடங்கட்டி ஆடும் திருவிழாப் பருவம் முடிந்ததும் உழவுக்கோ கூலி வேலைக்கோ திரும்புகிறார்கள். அது அவர்களின் கலை குறைந்த மதிப்புடையது என்பதால் நேர்வதன்று. அவர்களின் இரவுக்கு ஊர் வைக்கும் விலை குறைவு என்பதால் நேர்வது. மகளிடம் ‘கலை சோறு போடாது’ என்று எச்சரிக்கும் தந்தையே விழாக்குழு உறுப்பினராக இருந்து, கூத்துக் குழுவின் தொகையை ஆயிரம் இரண்டாயிரம் குறைக்கப் பேரம் பேசுபவராகவும் இருக்கக் கூடும் என்பது நெஞ்சை உறுத்த வேண்டிய செய்தி.

விழா நடத்துவோர் இனி அழைப்பிதழில் கலைஞரின் பெயரை அச்சிடுவதற்கு முன்பே, அவருக்குரிய தொகையையும் அதைக் கொடுக்கும் நாளையும் எழுதிக் கையொப்பமிட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும்.